கஞ்சி என்றே எழுதுவோம்

போன தை மாதம் எங்கள் குழுவின் மாதக் கூட்டத்தில் ஒரு சண்டை நடந்தது. ஏரித் தண்ணீருக்காக இல்லை, விதைநெல்லுக்காகவும் இல்லை. ஒரு பாக்கெட்டின் மேல் ஒட்ட வேண்டிய சீட்டுக்காக.

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஏழெட்டு ஊர்களில் பயிர் வைக்கும் சின்ன விவசாயிகள் நாங்கள். சம்பாவில் தூயமல்லி, சீரகச்சம்பா, சொர்ணவாரியில் பூங்கார், இடம் இருந்தால் கொஞ்சம் கருங்குறுவை. பாரம்பரிய நெல்லை மில்லுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். நம்ம பத்து மூட்டைக்காக யாரும் மிஷினை மாற்றி வைக்க மாட்டார்கள். தவிடு முழுசாகப் போகாமல் அரைத்துத் தரச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அரைத்து முடித்துப் பார்த்தால் மூட்டைக்கு ஐந்தாறு கிலோ நொய் விழுந்திருக்கும். அந்த நொய்யைக் கோழிக்குப் போடுவோம், மாட்டுக்கு வேகவைத்துப் போடுவோம், மிச்சத்தை வந்த விலைக்குத் தள்ளிவிடுவோம். ரசாயனம் போடாமல், கை வலிக்கக் களை பறித்து விளைவித்த நெல்லில் ஒரு பங்கு இப்படிப் போவது எல்லாருக்கும் மனக்குறைதான்.

அதனால் ஒரு யோசனை வந்தது. நொய்யை லேசாக வறுத்து, பாசிப்பருப்பு, சீரகம், மிளகு, சுக்கு சேர்த்து அரைக்கிலோ பாக்கெட்டாகப் போட்டால் என்ன? எல்லாரும் சரி என்றார்கள். குழுவில் படித்த தம்பி ஒருவன் இருக்கிறான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் கழனிக்குத் திரும்பி வந்தவன். சீட்டு அவன்தான் தயார் செய்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மேலே கொட்டை எழுத்தில், ஆங்கிலத்தில், ‘டிரெடிஷனல் ரைஸ் காஞ்ஜி’ என்று இருந்தது.

“ஏம்பா, கஞ்சின்னு தமிழ்ல போடக்கூடாதா?” என்றேன்.

“அண்ணா, கஞ்சின்னு போட்டா நூறு ரூபா குடுத்து யாருண்ணா வாங்குவாங்க? கஞ்சியான்னு கேட்டுட்டுப் போயிடுவாங்க. காஞ்ஜின்னு போட்டா நின்னு பாப்பாங்க. சிட்டில பெரிய ஓட்டல்ல கிண்ணத்துல ஊத்தி விக்கறாங்கண்ணா.”

“டேய், அந்தக் காஞ்ஜியே நம்ம கஞ்சிதான்டா.”

எல்லாரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருந்தால் சண்டை ஆகியிருக்காது. நான் விடவில்லை, தமிழின் பெருமை, உலகத்துக்கே சோறு போட்ட மொழி என்று பேச ஆரம்பித்துவிட்டேன். அவனும் விடவில்லை, பெருமையை மூட்டை கட்டி விற்க முடியுமா என்றான். அரை மணி நேரம் போனது. கடைசியில் மூன்றாவதாக ஒருவர் பேசினார். அவர் பேசியதும் நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். அவர் சொன்னதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்தச் சொல் ஊர் சுற்றிய கதையைச் சொல்லிவிடுகிறேன். சண்டை முடிந்து வீட்டுக்கு வந்ததும், நான் சொன்னது சரிதானா என்று தேடிப் படித்தேன். பாதி சரி. பாதி நான் அடித்துவிட்டது.

கப்பலேறிப் போன கஞ்சி

ஆங்கிலத்தின் காஞ்ஜி நம் கஞ்சியிலிருந்து போனது என்பது உண்மை. 1886இல் யூல், பர்னெல் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள், இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் வாயில் புழங்கிய சொற்களைத் தொகுத்து ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்ற அகராதியை வெளியிட்டார்கள். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். கஞ்சி தமிழ்ச் சொல் என்றே அதில் இருக்கிறது. திராவிட மொழிகளின் வேர்ச்சொற்களைத் தொகுத்த பரோ, எமனோ இருவரும் இதைத் தென்னாட்டு மொழிகளின் பொதுச்சொத்தாகச் சேர்த்திருக்கிறார்கள். மலையாளத்தில் கஞ்ஞி. கன்னடம், துளு, தெலுங்கில் முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

ஆங்கிலேயருக்கு முன்பே போர்ச்சுக்கீசியர் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். கார்சியா ட ஓர்ட்டா என்ற போர்ச்சுக்கீசிய மருத்துவர் கோவாவில் வாழ்ந்தவர். நம் நாட்டு மூலிகை, மருந்துகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1563இல் கோவாவிலேயே அச்சானது. அதில் காலரா கண்டவர்களுக்கு இங்கே என்ன கொடுப்பார்கள் என்று எழுதுகிறார்: மிளகும் சீரகமும் போட்ட அரிசித் தண்ணீர், அதன் பெயர் ‘கான்ஜெ’. எங்கள் பாக்கெட்டில் இருக்கும் அதே மிளகு, அதே சீரகம்! படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதற்கு நானூறு வருஷம் கழித்து, 1980களில், வங்கதேசத்தின் டாக்காவில் இருக்கும் வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி நிலையத்தில், சர்க்கரைக்குப் பதிலாக அரிசி மாவைப் போட்டு உப்புக் கரைசல் செய்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். போக்கு குறைந்தது. நம்ம ஆயாக்கள் வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைச் சங்கில் ஊற்றியது ஏன் என்று அப்போது உலகத்துக்குப் புரிந்தது.

போர்ச்சுக்கலில் ‘கான்ஜா’ என்றால் இன்று கோழியும் அரிசியும் போட்டுக் காய்ச்சிய சாறு. காய்ச்சல் வந்தால் அதைத்தான் கொடுப்பார்கள். போர்ச்சுக்கீசியரோடு அது பிரேசிலுக்கும் போனது. அங்கே ஒரு வேலையைப் பார்த்து ‘அது கான்ஜா’ என்றால், ரொம்பச் சுலபமான வேலை என்று அர்த்தமாம். நாம் ‘அல்வா சாப்பிடற மாதிரி’ என்போமே, அதுபோல.

கிழக்கே போனால், மலாய் மொழியில் கஞ்சி என்றால் பசைமாவு. சட்டைக்குப் போடுவதும் அதுதான். இந்தோனேசியாவில் மரவள்ளிக் கிழங்கு மாவுக்குக் கஞ்சி மாவு என்று பெயர். சுமத்ராவின் வட முனையில் உள்ள ஆச்சே பகுதியில் ‘கஞ்சி ரும்பி’ என்று ஒரு கஞ்சி இருக்கிறது. ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசலில் பெரிய அண்டாவில் காய்ச்சி ஊர் மக்களுக்கு ஊற்றுவார்கள். நம் ஊர்ப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

வடக்கே போனால் அர்த்தம் மாறுகிறது. ஒடிசாவில் ‘காஞ்சி’ என்பது புளித்த சோற்றுத் தண்ணீரில் காய்கறி போட்டுச் செய்யும் புளிப்புக் குழம்பு. இந்திக்காரர்களின் ‘காஞ்சி’யில் அரிசியே கிடையாது. கருப்புக் கேரட்டை நறுக்கி, கடுகுப்பொடி போட்டு, வெயிலில் புளிக்க வைத்து ஹோலி சமயத்தில் குடிப்பார்கள். சமஸ்கிருத வைத்திய நூல்களில் ‘காஞ்சிகம்’ என்பது புளித்த கஞ்சித் தெளிவு. நாம் காடி என்கிறோமே, கிட்டத்தட்ட அது. ஆக, வடக்கே போகப் போக அரிசி மறைந்து புளிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சீனாவிலும் அரிசிக் கஞ்சி குடிக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதை ஜோ என்றும், ஹாங்காங் பக்கத்தில் ஜுக் என்றும் சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் இங்கே கற்ற சொல்லை அங்கே கொண்டுபோய் அவர்கள் சாப்பாட்டுக்குப் பெயராக வைத்துவிட்டான். இன்று சென்னை ஓட்டல்காரர்கள் ‘சைனீஸ் காஞ்ஜி’ என்று அட்டையில் போடுகிறார்கள். நம் பெயர் சீனாக்காரன் கிண்ணத்தில் உட்கார்ந்து நமக்கே திரும்பி வந்திருக்கிறது, விலையும் ஏறி.

நான் அடித்துவிட்டது

இப்போது என் தப்புக்கு வருகிறேன். அன்றைக்குக் கூட்டத்தில் வேகத்தில் நான் சொன்ன இரண்டு விஷயம் பொய். ஒன்று, ஜப்பான்காரன் எழுத்துக்குக் ‘காஞ்ஜி’ என்று பெயர் வைத்ததும் நம்மிடமிருந்துதான் என்றது. அது சீனத்திலிருந்து போன சொல், சீன எழுத்து என்று பொருள். கஞ்சிக்கும் அதற்கும் ஒரு பருக்கை அளவுக்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொன்று, காஞ்சிபுரம் என்ற பெயரே கஞ்சியிலிருந்து வந்தது, நம்ம மாவட்டமே கஞ்சி மாவட்டம் என்றது. காஞ்சி வேறு, கஞ்சி வேறு. காஞ்சி மரத்தால் ஊருக்குப் பெயர் வந்தது என்பார்கள். இரண்டையும் ஒன்றாக்கிய புண்ணியம் வெள்ளைக்காரனின் எழுத்துக்கூட்டலுக்குத்தான். அவன் கஞ்சியையும் ‘கான்ஜீ’ என்று எழுதினான், காஞ்சிபுரத்தையும் ‘கான்ஜீவரம்’ என்று எழுதினான். பட்டுக்கடைப் பலகைகளில் இன்னும் அந்த எழுத்து இருக்கிறது.

இதை ஏன் விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், நம் இயக்கக் கூட்டங்களில் இந்த வியாதி அதிகம். உலகத்தின் எல்லாச் சொல்லும் நம்மிடமிருந்து போனது என்போம். எல்லா வியாதிக்கும் நம் அரிசியில் மருந்து இருக்கிறது என்போம். கைதட்டு கிடைக்கும். ஆனால் படித்த ஒரு பெண், ஒரு பையன் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்து, அது பொய் என்று தெரிந்துகொண்டால், அடுத்து நாம் மண்புழுவைப் பற்றிச் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள். கஞ்சியின் உண்மைக் கதையே போதுமான அளவுக்குப் பெரிசு. அதற்கு மேல் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

நம் வாயில் கஞ்சி

வெளியூர்க் கதை இருக்கட்டும். நம் வாயில் இந்தச் சொல் என்னவாக இருக்கிறது?

உழவனுக்குக் கஞ்சி ஒரு பசை. அசோஸ்பைரில்லமோ ரைசோபியமோ விதையில் ஒட்ட வேண்டும் என்றால் ஆறிய வடிகஞ்சியில் கலந்து, விதையைப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதைக்கிறோம். வேளாண் பல்கலைக்கழகமும் அதைத்தான் சொல்லித் தருகிறது. மாமரத்து இலையில் கரும்பூஞ்சணம் படிந்தால் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சித் தெளிக்கிறோம். வெயிலில் காய்ந்து பொருக்காக உதிரும்போது கருப்பையும் சேர்த்து உரித்துக்கொண்டு போகும். காஞ்சிபுரத்து நெசவாளிக்குக் கஞ்சி பாவுக்கு விறைப்பு. அரசியல்வாதிக்குக் கஞ்சி வெள்ளைச் சட்டையின் மொடமொடப்பு. ஒரே அடுக்கில் வடித்தது ஒருவன் வயிற்றுக்கும் இன்னொருவன் சட்டைக்கும் போகிறது.

சாமிக்கும் உண்டு. ஆடிப்பூரத்துக்கு மேல்மருவத்தூர் பக்கம் பெண்கள் சிவப்புச் சேலையில் கஞ்சிக்கலயம் தூக்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கேரளத்தில் அதே ஆடி மாதம் கர்க்கடகக் கஞ்ஞி. மூலிகை சேர்த்து ஒரு மாதம் குடிப்பார்கள். கடையில் பாக்கெட்டாகவும் கிடைக்கும், பாக்கெட்டின் மேல் கஞ்ஞி என்றே மலையாளத்தில் இருக்கும். வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள்.

ஈழத்துத் தமிழர்களுக்கு இந்தச் சொல் கண்ணீர். 2009இல் முள்ளிவாய்க்காலில் குண்டு மழைக்கு நடுவே உயிர் பிழைத்தவர்கள் குடித்தது உப்பும் தண்ணீரும் கொஞ்சம் அரிசியும் சேர்ந்த கஞ்சி. ஒவ்வொரு வருஷமும் மே 18ஐ ஒட்டி அதே கஞ்சியைக் காய்ச்சித் தெருவில் நின்று கொடுக்கிறார்கள். அவர்கள் அதில் நெய் ஊற்றுவதில்லை, முந்திரி போடுவதில்லை. அன்றைக்கு இருந்தபடியே கொடுக்கிறார்கள்.

பஞ்சமும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சம் பழைய செங்கல்பட்டு ஜில்லாவையும் விடவில்லை. அப்போது நிவாரண வேலைக்குப் போன ஆளுக்கு ஒரு நாள் தானியம் ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் என்று வெள்ளை அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்து வைத்தார். வேலை செய்ய முடியாதவர்களுக்குக் கஞ்சித்தொட்டி. அதற்கும் நூறு வருஷம் முந்திய ஒரு பஞ்சத்தில் சென்னையில் கஞ்சி ஊற்ற ஏற்பட்டதுதான் மணியக்காரர் சத்திரம். அதிலிருந்து வளர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வடசென்னைக்காரர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். அண்மையில் அதே ஆஸ்பத்திரி மருத்துவர்கள் பழைய சோற்றைக் குடல் நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ச்சி செய்தார்கள் என்று படித்தபோது, சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வந்துவிட்டோம் என்று தோன்றியது. கர்நாடகத்தில் வெள்ளம் வந்தால் திறக்கும் நிவாரண முகாமைக் ‘கஞ்சி கேந்திரம்’ என்றுதான் சொல்லிவந்தார்கள். வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சிப்பாய்களை அடைத்து வைக்கும் கொட்டடியைக் ‘கஞ்சி வீடு’ என்றார்களாம், உள்ளே அதுதான் சாப்பாடு என்பதால்.

இதெல்லாம் சேர்ந்துதான் நம் பேச்சில் கஞ்சிக்கு வழியில்லாதவன் என்கிறோம். நான் பள்ளிக்கூடத்துக்குத் தூக்குவாளியில் நொய்க்கஞ்சி கொண்டுபோன காலத்தில் எனக்கே அந்தப் பட்டப்பெயர் இருந்தது. மூடியைத் திறக்காமல் கிணற்றடியில் போய்க் குடிப்பேன். அதே வாய்தான், கடைசி காலத்தில் ஒரு வாய் கஞ்சி ஊத்த ஒரு பிள்ளை வேணும் என்றும் சொல்கிறது. ஏழ்மைக்கும் அந்தச் சொல், பாசத்துக்கும் அந்தச் சொல்.

அக்கா சொன்னது

இப்போது அந்த மூன்றாவது ஆள். எங்கள் ஊர்க் காலனியில் இருக்கும் அக்கா ஒருவர். நடவு, களை, அறுப்பு எல்லாவற்றுக்கும் ஆள் கூட்டி வருபவர். மூன்று வருஷமாக அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பூங்கார் போடுகிறார், எங்கள் குழுவில் உறுப்பினர். அரை மணி நேரம் நாங்கள் கத்தியதைக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“தம்பி, கஞ்சிக்குப் பேர் வெக்க ரெண்டு பேரும் சண்ட போடறீங்க. எனக்குக் கஞ்சின்னா எங்கம்மா கைதான் ஞாபகம் வருது. உங்க வூட்டுப் பின்பக்கம் குனிஞ்சி நின்னு, தூக்கி ஊத்தறத பனையோலப் பட்டையில வாங்கிக் குடிக்கும். சோறு உள்ள இருக்கும், தண்ணி வெளிய வரும். அந்தத் தண்ணிக்குப் பேருதான் எங்களுக்குக் கஞ்சி. இப்ப அத நூறு ரூபாய்க்கு விக்கலாம்ன்றீங்க. வித்துக்கங்க, நானும் நொய் தரேன். பெருமைன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க.”

யாரும் பேசவில்லை. அவர் சொன்னது எங்கள் வீடு. ஊற்றியது எங்கள் ஆயா. நான் சின்னப் பையனாக வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தது மறக்கவில்லை, ஆனால் நான் கஞ்சியின் பெருமையைப் பேசும்போது அது என் நினைவுக்கே வரவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. போர்ச்சுக்கல் தெரிந்தது, பிரேசில் தெரிந்தது, என் வீட்டுப் பின்பக்கம் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால் அக்கா சொன்னதுதான் அகராதியின் முதல் பொருளும். கஞ்சி என்றால் சோறு வடித்த நீர். சோறு எடுத்துக்கொண்டவர் ஒருவர், நீரை வாங்கிக்கொண்டவர் இன்னொருவர் என்று வரும்போதுதான் அந்தச் சொல்லில் அவமானம் ஏறியிருக்கிறது. பழைய தமிழில் கூழுக்கு அந்த அவமானம் இல்லை. குறளில் அரசனுக்கு வேண்டிய ஆறில் ஒன்றாகக் கூழ் வருகிறது, அங்கே அதற்குச் செல்வம் என்று பொருள். பிள்ளை கையால் அளைந்த கூழ் அமிழ்தத்தைவிட இனிது என்றும் வள்ளுவர் சொல்கிறார். சொல் தாழ்வதும் உயர்வதும் அதை யார் யாருக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது.

அப்படியானால் என்ன செய்வது?

தம்பி சொன்ன வழி ஒன்று: பெயரை மாற்றிவிடலாம். காஞ்ஜி என்று போட்டால் பழைய நாற்றம் போய்விடும், விலையும் கிடைக்கும். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நூறு ரூபாய் கிடைத்தால் அதில் அக்காவுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெயரை மாற்றினால் அவமானம் போகாது, ஒளிந்துகொள்ளும். நான் கிணற்றடியில் மறைந்து குடித்த மாதிரி. நாளைக்கு நம் பேரப்பிள்ளைகள் காஞ்ஜியைக் கிண்ணத்தில் குடிப்பார்கள், கஞ்சி என்று சொன்னால் சிரிப்பார்கள்.

நான் சொன்ன வழி இன்னொன்று: பெருமை பேசிப் பேசியே சொல்லைத் தூக்கி நிறுத்துவது. அதுவும் ஆகாது என்று அக்கா காட்டிவிட்டார். ஊற்றியவன் வீட்டுப் பிள்ளை பேசும் பெருமையை வாங்கிக் குடித்தவர் வீட்டுப் பிள்ளை எதற்குக் கேட்க வேண்டும்?

என் கருத்து இதுதான். சொல்லை வைத்துக்கொள்வோம், ஊற்றும் விதத்தை மாற்றுவோம். பெயரை மட்டும் காப்பாற்றிவிட்டுப் பழைய பின்பக்கத்தை அப்படியே வைத்திருந்தால் அது ஏமாற்று வேலை.

நம் இயற்கைக் கழனிகளில் களைக்கொல்லி கிடையாது. அதற்குப் பதிலாகக் கைகள் இருக்கின்றன, பெரும்பாலும் பெண்களின் கைகள். நஞ்சில்லா உணவு என்று நாம் பாக்கெட்டில் எழுதுவது அந்தக் கைகளின் உழைப்பைத்தான். அவர்களுக்குக் கூலி சரியாக, அன்றைக்கே போக வேண்டும். பத்து மணிக்குக் கழனியில் குடிக்கும் கஞ்சி எல்லாருக்கும் ஒரே குண்டானில், ஒரே மாதிரி டம்ளரில், ஒரே இடத்தில் உட்கார்ந்து குடிப்பதாக இருக்க வேண்டும். இப்போது யார் வீட்டில் அப்படி வேறுபாடு பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். நம் நம் வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொல்வோம்.

அடுத்து நம் சமையலறை. குக்கர் வந்த பிறகு எத்தனை வீட்டில் சோறு வடிக்கிறோம்? பாரம்பரிய அரிசி மெதுவாக வேகும், வடித்தால்தான் பதம் தெரியும். வடித்த கஞ்சியில் உப்பும் மோரும் விட்டுக் குடிக்கலாம். நொய்யைக் கோழிக்குப் போடுமுன் வாரத்தில் இரண்டு நாள் நம் வீட்டில் காய்ச்சலாம். நாம் குடிக்காததை ஊருக்கு விற்கப் போனால் அது கண்ணில் தெரிந்துவிடும். சந்தையில் நின்று விற்கும்போது ஒரு அம்மா, “எப்படிங்க காய்ச்சறது?” என்று கேட்டால், நேற்றுக் காய்ச்சியவன் சொல்லும் பதிலே வேறு.

மூன்றாவது, பாக்கெட்டின் மேல் உண்மையை மட்டும் எழுதுவோம். எந்த நெல், எந்த ஊர், எந்தப் பட்டம், எப்போது அரைத்தது. சர்க்கரை குணமாகும், மூட்டுவலி போகும் என்று எழுத வேண்டாம். பூங்கார்க் கஞ்சி பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்று நம் பெரியவர்கள் சொன்னால், பெரியவர்கள் சொல்வார்கள் என்றே சொல்வோம்.

சீட்டு விஷயம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பாக்கெட்டில் போட வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும், கூடவே நம் மொழியிலும் போட்டுக்கொள்ளலாம் என்று தம்பி விசாரித்துக்கொண்டு வந்தான். அதனால் மேலே பெரிதாகத் தமிழில் ‘பூங்கார் நொய்க்கஞ்சி’. கீழே ஆங்கில எழுத்தில், நாம் சொல்கிறபடியே, கஞ்சி. சென்னைச் சந்தையில் முதல் இரண்டு வாரம் மெதுவாகத்தான் போனது. தம்பி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். பிறகு சாம்பிளுக்குச் சூடாக ஒரு டம்ளர் கொடுக்க ஆரம்பித்தோம். அதன் பிறகு பெயரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, உப்பு எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். காஞ்ஜி என்று போட்டிருந்தால் இன்னும் வேகமாகப் போயிருக்குமோ என்னவோ, தம்பி போயிருக்கும் என்றுதான் இன்னும் சொல்கிறான்.

சித்திரையில் சொர்ணவாரி நடவு. பத்து மணிக்கு எல்லாரும் கரையேறிப் புங்கமரத்தடியில் உட்கார்ந்தோம். என் மனைவி குண்டானைத் திறந்து வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தாள். கடிச்சிக்க மாங்காயும் வறுத்த மோர்மிளகாயும். அக்காவுக்குப் பக்கத்தில் நான். ஒரு வாய் குடித்துவிட்டு என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தேன்.

“உப்பு பத்தல” என்றார்.

எழுந்துபோய் உப்பு எடுத்துவந்தேன்.